பதினோரு வெற்றிக்கு எட்டாம் இடம்

எங்கள் தபால் நிலையத்தில் பார்சல் கவுண்ட்டரில் இருப்பவருக்கு ஊர் வைத்த பெயர் ‘கிராம்’. நேரில் பேசும்போது மட்டும் ஒரு ‘அக்கா’ சேர்த்துக்கொள்வார்கள். எடை இயந்திரம் ஐந்நூற்று மூன்று காட்டினால் மற்றவர்கள் ஐந்நூறு என்று கண்டும் காணாமல் விட்டுவிடுவார்கள். இவர் பார்சலைத் திருப்பிக் கொடுத்து, மேலே சுற்றிய டேப்பைக் கொஞ்சம் உரித்துவிட்டு வரச் சொல்வார். பக்கத்துக் கவுண்ட்டரில் தபால்தலை விற்கும் நான் பதினாறு வருடமாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அலுவலக நேரம் போக அவர் எடை போடுவது கல்லூரிப் பெண்களின் வாலிபால் அணிகளை. உள்ளூர் நாளிதழில் திங்கட்கிழமைதோறும் வருகிற ‘முதல் பன்னிரண்டு’ பட்டியல் அவர் கைவேலை. படிக்கிற காலத்தில் அவரும் ஆடியவர்தான். செட்டர், அதாவது அடிக்கிறவர்களுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர். உயரம் போதாது என்று மூன்றாம் வருடம் ஓரமாக உட்கார வைத்துவிட்டார்கள். உட்கார்ந்தவர் சும்மா இருக்க முடியாமல் பந்து எங்கெங்கே விழுகிறது என்று எண்ண ஆரம்பித்தார். இன்றுவரை நிறுத்தவில்லை.

யார் ஜெயித்தார்கள் என்பதில் அவருக்கு அவ்வளவு அக்கறை கிடையாது. எதிரணி போட்ட சர்வீஸை எத்தனை தடவை ஒழுங்காக எடுத்தார்கள், இருபது புள்ளி தாண்டிய பிறகு யார் கை நடுங்கியது, ஒரு பந்து தவறினால் யார் யாரை முறைத்தார்கள், இவைதான் அவர் நோட்டில் ஏறும். முறைப்புக்கென்றே தனியாக ஒரு பத்தி உண்டு.

இதெல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, அவருடைய நாத்தனார் ஆற்றங்கரைக் கல்லூரிக்குக் கோச்சாக வரும்வரை.

நாத்தனார் வந்த வருடமே ஆற்றங்கரை அணி தொடர்ந்து பதினோரு ஆட்டம் ஜெயித்தது. பத்திரிகையில் படம், கல்லூரி வாசலில் தட்டி, முதல்வர் கையால் மாலை. அந்தத் திங்கட்கிழமை பட்டியல் வந்தது. ரயிலடிக் கல்லூரி முதலிடம். ஆற்றங்கரை எட்டாவது.

எட்டு என்பது வெறும் எண் இல்லை. வருடக் கடைசியில் நடக்கும் கோப்பைப் போட்டியில் முதல் எட்டு அணிகளுக்குத்தான் இடம். இந்தப் பட்டியலை வைத்துத்தான் ஜோடி சேர்ப்பார்கள். எட்டாவது அணி முதல் நாளே முதல் அணியோடு மோத வேண்டும். அதாவது, பெட்டி படுக்கையை அவிழ்க்காமலே திரும்பிவிடலாம்.

நாத்தனார் அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிட்டார். அண்ணியோடு சண்டை போடவில்லை. பேசவே இல்லை. சாப்பிட உட்கார்ந்து, தண்ணீர்ச் சொம்பு அண்ணியின் கைக்குப் பக்கத்தில் இருக்க, அதை எடுத்துத் தரச் சொல்லும்படி எதிரே இருந்த அண்ணனிடம் சொன்னார். அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், சாதுவான மனிதர். இரண்டு பக்கமும் செய்தி கொண்டுபோவதிலேயே அவருடைய சோறு ஆறிப்போனது. கிளம்பும்போது நாத்தனார் அவரிடம், “உங்க கடையில இருக்கிறதுலயே தடிமனான கண்ணாடியா பாத்து உங்க வீட்டம்மாவுக்கு ஒண்ணு போட்டு விடுங்கண்ணா” என்று சொல்லிவிட்டுப் போனாராம். மறுநாள் காலை கணவர் உண்மையாகவே அவருடைய கண்ணைச் சோதித்துப் பார்த்தார். கடைசி வரி எழுத்து வரை பிசகாமல் படித்துவிட்டு கிராம் அக்கா ஆபீசுக்கு வந்தார்.

அந்த வாரம் தபால் நிலையத்தில் கூட்டத்துக்குக் குறைவில்லை. பார்சல் அனுப்ப வந்தவர்கள் பாதிப் பேர். பதினோரு வெற்றி எப்படி எட்டாம் இடமாகும் என்று கேட்க வந்தவர்கள் மீதிப் பேர். பார்சல் இல்லாதவர்கள் வரிசையை விட்டு நகரும்படி அவர் கேட்டுக்கொண்டார். அடுத்த நாள் அவர்களும் ஆளுக்கொரு பொட்டலத்தோடு வந்தார்கள்.

சனிக்கிழமை காலை ஆற்றங்கரை அணியே வந்து நின்றது. பன்னிரண்டு பெண்கள், சீருடையில், சட்டை எண் வரிசைப்படி. ஒவ்வொருத்தி கையிலும் ஓர் உறை. எல்லாம் பதிவுத் தபால். பெறுநர் முகவரி எங்கள் தபால் நிலையம், பார்சல் கவுண்ட்டர்.

கிராம் அக்கா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தன் பெயருக்கு வந்த பன்னிரண்டு உறைகளையும் ஒவ்வொன்றாக எடை போட்டார், முத்திரை குத்தினார், ரசீது கிழித்துக் கொடுத்தார். எல்லாவற்றையும் சாக்குப் பைக்குள் போட்டபோதுதான் பெண்களுக்கு விஷயம் உறைத்தது. கேப்டன் நல்ல உயரம். கவுண்ட்டர் இடைவெளிக்குள் முகம் தெரிய முழங்காலை மடக்க வேண்டியிருந்தது.

“மேடம், நீங்க இங்கதான இருக்கீங்க. இப்பவே பிரிச்சுப் படிச்சுப் பதில் சொல்லக் கூடாதா?”

“லெட்டர் இன்னும் எனக்கு வந்து சேரலம்மா. திங்கக்கெழம வரும்.”

திங்கட்கிழமை தபால்காரர் பின்கட்டிலிருந்து எடுத்துக்கொண்டு, பத்து அடி நடந்து வந்து கொடுத்தார். பன்னிரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் பிரித்தார். பதினோரு கடிதங்களில் ஒரே கேள்வி, எட்டு ஏன்? ஒன்றில் மட்டும் கொஞ்சம் கண்ணீர்க் கறை இருந்தது. இல்லை, தண்ணீர் பாட்டில் ஒழுகியிருக்கலாம்.

பன்னிரண்டாவது கடிதம் லிபரோ எழுதியது. வேறு நிறச் சட்டை போட்டுக்கொண்டு பின்வரிசையில் பந்து எடுப்பதற்கென்றே நிற்கும் பெண் அவள். தனக்கும் ஒன்பதாம் எண் பெண்ணுக்கும் நடுவில் சர்வீஸ் அடிக்கடி விழுகிறது, அவள் எடுப்பாள் என்று நானும் நான் எடுப்பேன் என்று அவளும் நின்றுவிடுகிறோம், கோச்சிடம் கேட்டால் தற்செயல் என்கிறார், நீங்கள் எண்ணியிருக்கிறீர்களா என்று கேட்டிருந்தாள்.

அக்கா சாப்பாட்டை மூடி வைத்துவிட்டார்.

எண்ணியிருந்தார். எட்டாம் இடத்துக்குக் காரணமே அந்த ஓட்டைதான். அதுவரை மோதிய பதினோரு அணிகளிலும் அந்த இடம் பார்த்துப் போடத் தெரிந்த கை இல்லை. குருட்டாம்போக்கில் விழுந்தவைதான் எல்லாம். ரயிலடி அணியில் அப்படி மூன்று கைகள் உண்டு. ஆனால் பட்டியல் போடுகிறவள் ஓர் அணிக்கு மட்டும் யோசனை சொல்வது முறையா என்று இரண்டு நாள் என்னிடம் புலம்பினார். யோசனை சொன்னால்தானே தப்பு, எண்ணிக்கை சொல்வதில் என்ன என்று நான் சும்மா சொல்லி வைத்தேன். மூன்றாம் நாள் என் வரிசையில் நான்கு பேருக்குப் பின்னால் நின்று ஓர் அஞ்சலட்டை வாங்கினார். அதில் ஒரே ஒரு சொல் எழுதி லிபரோவுக்குப் போட்டார்.

பத்தொன்பது.

கோப்பையின் முதல் நாள் ஆட்டத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அவரைப் பார்த்ததுமே ஆற்றங்கரை ஆதரவாளர்கள் எட்டு விரலைக் காட்டிக் கூச்சல் போட்டார்கள். அவர் மடக்கு நாற்காலியை விரித்து எல்லைக்கோட்டுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். முதல் செட்டை ரயிலடி எளிதாக எடுத்தது. இரண்டாவது செட்டில் ரயிலடியின் கெட்டிக்கார சர்வீஸ்காரி சரியாக அந்த நடு இடத்தைக் குறிவைத்தாள்.

“என்னுது!”

லிபரோ போட்ட சத்தத்தில் மேசை முன் அமர்ந்திருந்த ஸ்கோர் எழுதுகிறவர் பேனாவைத் தவறவிட்டார். ஒன்பதாம் எண் பெண் சட்டென்று விலகினாள். பந்து அழகாக எழும்பி செட்டர் கைக்குப் போனது. அடுத்த சர்வீஸும் அங்கேயே வந்தது. இந்த முறை ஒன்பதாம் எண் கத்தினாள். அதற்குப் பிறகு ரயிலடிக்கு எங்கே போடுவது என்று தெரியவில்லை. ஐந்தாவது செட்டில் ஆற்றங்கரை ஜெயித்தது.

மைதானமே கிராம் அக்காவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அவர் நோட்டால் முகத்தை மறைத்துக்கொண்டார். பாவம், அழுகிறாரோ என்று எட்டிப் பார்த்தேன். வாயெல்லாம் பல். தன் கணக்கு பொய்த்ததற்கு இப்படிச் சந்தோஷப்பட்ட ஆளை நான் வேறெங்கும் கண்டதில்லை.

மறுநாள் அரையிறுதியில் ஆற்றங்கரை தோற்றது. துள்ளிக் குதித்த வேகத்தில் வலையைத் தொட்டுத் தொட்டே புள்ளிகளை விட்டார்கள். அடுத்த திங்கட்கிழமைப் பட்டியலில் அவர்களுக்கு நாலாவது இடம்.

அன்று மாலை நாத்தனார் மறுபடி வந்தார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதுமே கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு, கடையில் ஒரு ஃபிரேம் பார்க்க வேண்டும் என்று நழுவப் பார்த்தார். ஆனால் நாத்தனார் நேராக அண்ணியிடமே போனார். கையில் அந்த அஞ்சலட்டை.

“இத என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல அண்ணி? நான் என்ன வேத்தாளா?”

“நீ கேக்கலியே. எட்டு ஏன்னு கோவிச்சுக்கிட்ட. எத்தன தடவன்னு அந்தப் பொண்ணுதான் கேட்டா.”

நாத்தனார் கால்களை மடக்கித் தரையில் உட்கார்ந்தார். தற்செயல் என்று சொன்னது தன் தப்புதான் என்று மெதுவாகச் சொன்னார். அதைக் கேட்ட ஒரே சாட்சி கணவர். நல்லவேளை, இன்னும் செருப்பு மாட்டவில்லை.

“சரி, இப்ப நாலு. வலைய எத்தன தடவ தொட்டாங்க?”

“ஒம்பது.”

“ஏழுதான் அண்ணி. நான் பக்கத்துலயே நின்னேன்.”

நோட்டு வந்தது. பென்சில் வந்தது. எந்தெந்தப் பந்து, யார் கை, யார் முழங்கை என்று இருவரும் இருட்டும்வரை மல்லுக்கு நின்றார்கள். கணவர் தானே சோறு வடித்தார். முடிவுக்கு வராமல் கடைசியில் லிபரோவுக்கே போன் போட்டுக் கேட்டார்கள்.

“பதினொண்ணு மேடம்” என்றாள் அவள். “ரெண்ட ரெஃப்ரி பாக்கல.”