கடைக்குப் பின்னால் திறந்த ஜன்னல்

எங்கள் டவுனில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே வரிசையாகத் தகரக் கடைகள் இருந்தன. அறுபதுகளின் தொடக்கத்தில் அவற்றை இடித்துவிட்டுப் புதுக் கடைகள் கட்டினார்கள். எல்லாக் கடைக்கும் ஒரே மாதிரிக் கதவு, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே சிவப்பு மெருகு போட்ட சிமெந்துத் தரை. கட்டி முடிய ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. மழை விட்ட நாட்களில் மட்டும்தான் வேலை நடக்கும். நான் கான்வென்டுக்குப் போகும்போதும் வரும்போதும் சுவர் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நடப்பேன்.

முதலில் வந்தது ஒரு பேக்கரி. தெற்கிலிருந்து வந்த சிங்களவர் ஒருவர் வைத்தார். பிறகு ரேடியோக் கடை, போட்டோ பிடிக்கிற ஸ்டூடியோ, சப்பாத்துக் கடை. ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து, எதுவும் வாங்காமல், கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். சப்பாத்துக் கடையைப் பார்த்த அன்று என் அம்மா, "காலுக்குன்னு தனியா ஒரு கடையா" என்று கேட்டுவிட்டு எங்கள் தோட்டத்து லயத்து வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. கொழுந்து பறிக்கிற கை, காலையில் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போய் மாலையில் திரும்புகிற உடம்பு. சிரிக்க நேரம் இருந்ததில்லை.

அப்பா தோட்டத்துத் துரை பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். இருபது வருடத்துக்கு மேல், மூன்று வெள்ளைக்காரத் துரைமாருக்குச் சமைத்திருக்கிறார். சூப்பு, ரோஸ்ட், கட்லட், புடிங் என்று அவர் பேர்களைச் சொல்வாரே தவிர, அம்மாவும் நானும் அதில் ஒன்றைக்கூட ருசி பார்த்ததில்லை. பங்களாவில் மிஞ்சியதை அவர் வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார். யாரோ கடித்து வைத்த மிச்சத்தைத் தன் பிள்ளைக்குக் கொடுக்கப்போவதில்லை என்பார். வீட்டுக்கு வந்தால் அம்மா சுட்ட ரொட்டியையும் சம்பலையும்தான் அவரும் சாப்பிடுவார்.

கடைசி வெள்ளைக்காரத் துரை தன் நாட்டுக்குப் போனதும், புதிதாக வந்தவர் தன்னோடு வேறொரு சமையல்காரரை அழைத்து வந்தார். அப்பாவை மலையில் புல்வெட்டும் வேலைக்குப் போட்டார்கள். வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு வேலை செய்த மனிதர், நாற்பத்தைந்து வயதில் புல்வெட்டியைக் கையில் எடுத்தார். தன் வயதில் பாதிகூட இல்லாதவர்கள் முன்னால் போய்விட, அவர் பின்தங்கி நின்று கங்காணியிடம் பேச்சு வாங்குவதை அம்மா பக்கத்து மலையிலிருந்து பார்த்திருக்கிறாள். புதுக் கடைகளில் ஒன்றை எடுத்துச் சாப்பாட்டு ஹோட்டல் வைக்கும் எண்ணம் அவருக்கு வந்தது அந்த நாட்களில்தான்.

"நம்ம சனங்க நாற்காலியில உக்காந்து, மேசையில பிளேட்ட வச்சு சாப்பிடணும்," என்று அம்மாவிடம் சொன்னார். "தொரைக்கு என்ன சமைச்சேனோ அதையே இவங்களுக்குச் சமைக்கப்போறேன்."

கடை வரிசையின் சொந்தக்காரர் கண்டியில் இருந்தார். பிரஜாவுரிமைப் பத்திரம் உள்ளவர்களுக்கு மட்டும்தான் கடை என்று சொல்லிவிட்டார். அப்பாவிடம் அது இல்லை. எங்கள் தோட்டத்து லயத்தில்தான் அவர் பிறந்தார். கண்டிக்கு அப்பால் எந்த ஊரையும் பார்த்ததில்லை. ஆனால் அவர் பிறந்ததை யாரும் எந்தப் புத்தகத்திலும் எழுதி வைக்கவில்லை. அவர் போட்ட விண்ணப்பம் சில வருடங்களுக்கு முன்பே தள்ளுபடியாகிவிட்டது. அம்மாவுக்கும் அப்படித்தான்.

அந்த நேரத்தில் கைகொடுத்தவர் பழைய தகரக் கடையில் பலசரக்கு விற்ற முஸ்லிம் வியாபாரி. அப்பா அவரை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவார். பங்களாவுக்கு வேண்டிய சாமானையெல்லாம் இருபது வருடமாக அவரிடம்தான் வாங்கினார். நானாவுக்குப் பத்திரம் இருந்தது. தன் பலசரக்குக்கு ஒரு கடையும், அப்பாவுக்காக இன்னொரு கடையும் தன் பேரிலேயே எடுத்தார். அப்பா தயங்கியபோது, "சமைக்கப்போறது உங்க கை. என் பேரு சும்மா போர்டுல தொங்கப்போகுது, அவ்வளவுதானே," என்றார்.

திறக்கும் நாளுக்கு முன்னால் அப்பா லயம் லயமாகப் போய் எல்லோரையும் அழைத்தார். அழைத்தவர்களும் வந்தார்கள். வந்து, கண்ணாடிக்கு வெளியே கூட்டமாக நின்றார்கள். அப்பா வெள்ளைக் கோட்டோடு படியில் நின்று, மாமா, மச்சான், தங்கச்சி என்று முறை சொல்லிக் கூப்பிட்டார். யாரும் ஏறவில்லை. "மண்ணுக் காலோட எப்படிண்ணே வர்றது," என்று ஒரு பெண் கேட்டாள். அப்பா ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து படியோரம் வைத்தார். நாலைந்து ஆண்கள் கால் கழுவிக்கொண்டு வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, பிளேன்டீ குடித்துவிட்டு எழுந்து போனார்கள். மற்றவர்கள் வெளியே நின்றபடியே பார்த்துவிட்டு பஸ் ஏறினார்கள். அம்மா அன்று வரவில்லை. பெரட்டில் பெயர் கொடுக்காவிட்டால் துரை ஏசுவார் என்று வேலைக்குப் போய்விட்டாள். அப்புறம் ஒரு நாள் வருவதாகச் சொன்னாள்.

அப்பாவின் சமையலுக்கு வந்தவர்கள் வேறு ஆட்கள். பாங்குக் கிளார்க்குகள், கோர்ட்டில் வேலை செய்தவர்கள், தோட்டத்து ஆபீஸ்காரர்கள். மூன்று மாதத்தில் மத்தியானம் மேசை கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. அப்பா முகத்தில் பழைய களை வந்தது. புல்வெட்டிக் காய்த்த கை மறுபடி மெத்தென்று ஆனது.

ஒரு நாள் நல்ல மழை. கொழுந்து நிறுத்துவிட்டு டவுனுக்கு வந்த நாலு பேர், இடுப்பில் கட்டிய ஈரச் சாக்கோடு உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்து மேசையில் இருந்த கிளார்க்குகள் பிளேட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனார்கள். போகும்போது ஒருவர் அப்பாவின் காதருகே குனிந்து, இனிமேல் இவர்கள் தினமும் வருவார்களா என்று கேட்டாராம். அடுத்த வாரம் அப்பா தச்சரைக் கூப்பிட்டு, சமைக்கிற குசினியின் பின்சுவரில் ஒரு ஜன்னல் வைத்தார். அதன் கீழே ஒரு பலகை. தோட்டத்து ஆட்கள் அங்கே வந்து டீயும் பேக்கரிப் பணிஸும் வாங்கி நின்றுகொண்டே சாப்பிட்டுப் போகலாம். மேலே மழைக்குத் தகரமும் போட்டார்.

இதை வீட்டில் சொன்னபோது அம்மா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"கண்ணாடிக் கிளாஸா, தகரக் குவளையா?" என்று கேட்டாள்.

"தகரந்தான். கை தவறினா ஒடையாது பாரு," என்றார் அப்பா.

லயத்தில் யாரும் குறை சொல்லவில்லை. கால் கழுவ வேண்டாம், யாரும் பார்க்க மாட்டார்கள் என்று அவர்களுக்கு அதுவே லேசாக இருந்தது. அப்பா அதைச் சொல்லிச் சொல்லித் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

இப்போது என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது எனக்குப் பதினாறு வயது. கான்வென்டில் எனக்கு மூன்று தோழிகள் இருந்தார்கள், மூவரும் டவுன் பிள்ளைகள். என் அப்பா ஹோட்டல் நடத்துகிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். அம்மா என்ன செய்கிறாள் என்று ஒரு தரம் கேட்டபோது, வீட்டில்தான் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். பொய்யாகத் திட்டமிட்டுச் சொல்லவில்லை. வாயில் அப்படி வந்துவிட்டது. வந்த பிறகு மாற்ற முடியவில்லை.

ஒரு சனிக்கிழமை பிரத்தியேக வகுப்பு முடிந்து மூவரையும் கடைக்கு அழைத்துப் போனேன். அப்பா மரக்கறி வாங்க நுவரெலியாவுக்குப் போயிருந்தார். பரிமாறுகிறவர் இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் கம்பளையிலிருந்து வேலைக்கு வந்தவர். ஐம்பது வயதிருக்கும், மெதுவாகப் பேசும் மனிதர். எங்களுக்குக் கட்லட் கொண்டுவந்து வைத்தார். கண்ணாடி ஓரத்து மேசை. வெளியே தூறல்.

அம்மா பஸ்ஸிலிருந்து இறங்குவதைப் பார்த்தேன். திருவிழாவுக்கு மட்டும் கட்டுகிற ஊதாச் சேலை. தலைக்கு எண்ணெய் வைத்து வழித்துச் சீவியிருந்தாள். வெறுங்கால். படியருகே வந்து, வாளியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தாள். வாளியை எடுத்து எத்தனையோ மாதங்கள் ஆகியிருந்தன. சேலைக் கரையைத் தூக்கி, கால்களைப் படியில் தேய்த்துத் துடைத்துக்கொண்டு ஏறினாள்.

பரிமாறுகிறவர் கதவில் கையை வைத்து மறித்தார். அவருக்கு அவளைத் தெரியாது. சத்தம்கூடப் போடவில்லை.

"டீக்குன்னா பின்னால போங்கம்மா," என்றார். "அங்க குடுப்பாங்க."

அம்மா அவர் தோளுக்கு மேலே உள்ளே பார்த்தாள். நான் குனிந்துகொண்டேன். தோழி ஒருத்தி எங்கள் கணக்கு டீச்சரைப் போல் பேசிக் காட்டிக்கொண்டிருந்தாள். மற்ற இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நிமிர்ந்தபோது வாசலில் யாரும் இல்லை.

கை கழுவுவதாகச் சொல்லிவிட்டு குசினிக்குப் போனேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம், ஏழெட்டுப் பேருக்கு நடுவில் அம்மா தகரக் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். முதுகைக் காட்டி நின்றாள். நாலடி எடுத்து வைத்தால் தொட்டிருக்கலாம். நான் திரும்பி வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அன்று மாலை வீட்டுக்குப் போனபோது அம்மா பழைய சேலையில் சம்பலுக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். கால் கழுவிவிட்டு வா, தேத்தண்ணி இருக்கிறது என்றாள்.

பத்து நாள் கழித்து, ஏதோ சாமான் எடுக்க அப்பாவோடு அந்தப் பரிமாறுகிறவர் எங்கள் லயத்துக்கு வந்தார். எங்கள் வீட்டுக் காம்பிரா வாசலில் அம்மாவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். பிறகு அப்பாவிடம் நடந்ததைச் சொல்லி, கண் கலங்க மன்னிப்புக் கேட்டார். நான் உள்ளே இருந்ததை மட்டும் அவர் சொல்லவில்லை.

"நீ கடைக்கு வந்தியா?" என்று அவர் போன பிறகு அப்பா கேட்டார்.

"வந்தேன்."

"யாருன்னு சொல்ல வேண்டியதுதானே."

"என்னன்னு சொல்லச் சொல்றீங்க? நம்ம சனங்களுக்குப் பின்னாலதான்னா எனக்கும் பின்னாலதான்."

அம்மா அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே சொன்னாள். அப்பா வெளியே போய், குழாயடியில் வெகுநேரம் நின்றார்.

மறுநாள் அந்த ஜன்னலில் பலகை வைத்து ஆணி அடித்தார். எல்லோரும் முன்வாசலால்தான் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார். கிளார்க்குகள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். அதே மாதத்தில் மூன்று கடை தள்ளி இன்னொரு புது ஹோட்டல் வந்தது. அங்கே ரேடியோ பாடியது, ஐஸ்கிரீம் இருந்தது, குடும்பத்தோடு உட்கார மறைப்புப் போட்ட அறைகள் இருந்தன. கிளார்க்குகள் அங்கே போய்விட்டார்கள். தோட்டத்து ஆட்களும் வரவில்லை. ஜன்னல் மூடியதும் அவர்கள் மார்க்கெட் பக்கம் இருந்த பழைய பெஞ்சுக் கடைக்குப் போனார்கள். நான் பள்ளிவிட்டு வரும்போது, துடைத்து வைத்த மேசைகளுக்கு நடுவே அப்பா வெள்ளைக் கோட்டோடு தனியாக நிற்பது கண்ணாடி வழியே தெரியும். அம்மாவை வரச்சொல்லி எத்தனையோ தரம் கூப்பிட்டுப் பார்த்தார். அவள் வருகிறேன் என்பாள், போகமாட்டாள்.

ஒரு வருடம் தாக்குப்பிடித்தார். பிறகு கடையை விட்டுவிடுவதாக நானாவிடம் போய்ச் சொன்னார். நானா காரணம் கேட்கவில்லை. கடைக்கு வந்து அப்பாவோடு ஒரு மேசையில் உட்கார்ந்து, அப்பா போட்டுக்கொடுத்த கடைசித் தேத்தண்ணியைக் குடித்தார். அடுத்த மாதம் அந்த இடத்தில் ஒரு புடவைக் கடை வந்தது. அப்பா மறுபடி தோட்டத்தில் பேர் பதிந்துகொண்டார்.

அதற்கு அடுத்த வருடம் அம்மா நெஞ்சுச் சளியில் படுத்தாள். நான் அப்போது ஒரு தோட்டப் பள்ளியில் படிப்பிக்கத் தொடங்கியிருந்தேன். லீவு போட்டுக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் இருந்தேன். ஒரு மத்தியானம், அப்பா மருந்து எடுக்கப் போன நேரத்தில், அன்று நான் கடைக்குள் இருந்ததை அவளிடம் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

"ஒன்னயப் பாத்தேன்டி," என்றாள் அம்மா. "நாற்காலியில உக்காந்து அந்தப் புள்ளைங்களோட சிரிச்சிக்கிட்டு இருந்த. அவுங்கள மாதிரியே இருந்த. நான் வந்து எதுக்கு அதைக் கெடுக்கணும்னு பின்னால போயிட்டேன்."

அவள் ஏசியிருக்கலாம். கையிலிருந்த துணியால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, இதை அப்பாவிடம் மட்டும் சொல்லாதே, அவர் தாங்க மாட்டார் என்றாள். அந்த மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டாள்.

அப்பா அதன்பிறகு என்னோடு பள்ளி ஆசிரியர் விடுதியில் வந்து இருந்தார். தினமும் எனக்குச் சமைத்துப் போடுவார். ஒரு நாள்கூட அவள் தன் கடையில் உட்கார்ந்து சாப்பிடவில்லை என்று சில நாட்களில் தானாகப் பேச்செடுப்பார். "அன்னைக்கு நான் நுவரெலியாவுக்குப் போயிருக்கக் கூடாது," என்பார். "அவளத் தெரிஞ்சவங்க ஒருத்தராச்சும் உள்ள இருந்திருந்தா கூட்டிட்டு வந்து உக்கார வச்சிருப்பாங்க."

ஆமாம்ப்பா என்று சொல்வேன்.