அத்தை தப்பவிட்ட நண்டுகள்

கல்வராயன் மலையிலிருந்து இறங்கிவரும் தண்ணீர் வடக்கனந்தல் பக்கத்து வயல்களில் பாயும். அந்த வயல்களில் அப்போது வரப்புக்கு வரப்பு நண்டு வளைகள் இருந்தன. எங்கள் தெருவில் யாருக்கும் சொந்த நிலம் கிடையாது. ஆனாலும் நண்டும் நத்தையும் எவர் வயலில் இருந்தாலும் அவை எங்களுடையவை என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நடவு முடிந்து களையெடுப்பு தொடங்கும்வரை கூலி வேலை இருக்காது. அந்த நாட்களில் எங்கள் வீட்டுக் குழம்பு வரப்பிலிருந்துதான் வந்தது.

கொண்டுவருபவள் அத்தை, அப்பாவின் அக்கா. புருஷனோடு ஒத்துவராமல் பிறந்த வீட்டுக்கே திரும்பிவிட்டவள். அதற்காக அவள் எவர் முன்னாலும் தலைகுனிந்து நான் பார்த்ததில்லை. நண்டு வளையில் கைவிட ஆண்களே யோசிப்பார்கள். அத்தை தோள்வரை விடுவாள். அவளுக்கு அடுத்து நான்தான். என் சின்னக் கை குறுகலான வளைக்குள்ளும் போகும் என்பதால், பாவாடை கட்டும் வயதிலேயே எனக்குத் தெருவில் ஒரு மரியாதை இருந்தது.

முந்தின வருடம் மேல்வயல்காரர் குருணை மருந்து தூவியிருந்தார். நண்டுகள் செத்து மிதந்தன. நத்தை ஓடுகள் வெறும் கூடாகச் சேற்றில் கிடந்தன. அடுத்த நடவில் அங்கே ஒரு வளைகூட இல்லை. பெண்கள் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்கள். எங்களுக்கு மிச்சமிருந்தது அதற்குக் கீழே இருந்த வயல்தான்.

அந்த வருடம் நடவு முடிந்த சில நாட்களில், நானும் அத்தையும் வாய்க்காலில் நத்தை பொறுக்கிக்கொண்டிருந்தபோது, கீழ்வயலின் நிலத்துக்காரர் மொபெட்டில் மருந்து மூட்டையோடு வந்து இறங்கினார். வரப்பில் நின்று உரக்கக் கத்தினார்.

"நேத்து கட்டின தண்ணி இன்னிக்கி இல்ல. நண்டு வரப்பு பூரா ஓட்ட போட்டு வச்சிருக்குது. இன்னிக்கி மருந்து போட்டாத்தான் அடங்கும்!"

அத்தை சேறு வழியும் கையோடு எழுந்தாள்.

"ஐயா, மூட்டைய அவுக்காதீங்க. பொழுது சாயறதுக்குள்ள நண்டு பூராத்தையும் நாங்க புடிச்சிடறோம். நாளைக்குத் தண்ணி நிக்கலன்னா போட்டுக்குங்க. ஒரு வார்த்த கேக்க மாட்டேன்."

"பூராத்தையுமா? இன்னா, வெளையாடறியா?"

"நீங்க குந்திக்கினு பாருங்க."

அவர் மோட்டார் கொட்டகை நிழலில் மூட்டையைப் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். நான் தெருவுக்கு ஓடினேன். அம்மா, பக்கத்து வீட்டுக்காரி, வேலைக்குப் போகாத பெண்கள் எல்லோரும் குண்டானும் சாக்குமாக வந்து சேர்ந்தார்கள். வரப்பைப் பங்கு பிரித்துக்கொண்டு குனிந்தோம். நண்டை எடுத்த வளையைக் களிமண்ணும் வைக்கோலும் திணித்து அடைத்தோம்.

மடைக்குப் பக்கத்தில் ஒரு வளை. தண்ணீர் அதன் வழியாகத்தான் ஜாஸ்தி போய்க்கொண்டிருந்தது. யாருடைய கையும் நுழையவில்லை. நான் குப்புறப் படுத்துக் கைவிட்டேன். ஓடு தட்டுப்பட்ட அதே நேரத்தில் கொடுக்கு என் விரலைக் கவ்வியது. அலறினேன்.

"கத்தாத. முதுக அழுத்திக்கினு இழு," என்றாள் அத்தை.

இழுத்தேன். விரலில் ரத்தம், கையில் உள்ளங்கை அகல நண்டு. பெண்கள் சிரித்து ஆர்ப்பரித்தார்கள். அதைக் குண்டானில் போடப் போனேன். அத்தை வாங்கித் திருப்பி, வயிற்று மடலை விரலால் நெம்பினாள். உள்ளே கடுகு கடுகாகக் குஞ்சுகள் நெளிந்தன. அவள் நண்டை முந்தானையில் சுருட்டிக்கொண்டு வாய்க்காலுக்குப் போய், வெறும் கையோடு திரும்பினாள். அன்று வயிற்றில் குஞ்சிருந்த நண்டு ஒன்றுகூடக் குண்டானுக்குப் போகவில்லை.

"அத்த, பூராத்தையும்னு சொன்னியே?"

"வாய மூடிக்கினு மண்ண அட."

மறுநாள் விடிந்ததும் பயத்தோடு வயலுக்கு ஓடினேன். தண்ணீர் நாற்றின் கழுத்தளவு நின்றிருந்தது. நிலத்துக்காரர் பிரிக்காத மூட்டையை மொபெட்டில் கட்டிக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியாத அத்தையின் திருட்டுத்தனம் எனக்குத் தெரியும் என்ற கர்வத்தில் விரல் வலிகூட மறந்துபோனது. அவர் தெரிந்துகொண்டால் எங்களை வயலில் கால் வைக்க விடமாட்டார் என்று நம்பினேன். அம்மாவிடம்கூட மூச்சு விடவில்லை.

அடுத்த வருடம் நண்டுகள் திரும்பி வந்தன. இந்த முறை மூட்டை வரவில்லை. நிலத்துக்காரரின் ஆள் வந்து அத்தையைக் கூப்பிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நடவுக்கும் அப்படித்தான். மேல்வயலில் கடைசிவரை ஒரு நண்டும் ஏறவில்லை. கீழ்வயலிலோ சில வருடம் கம்மி, சில வருடம் குண்டான் போதாது. இன்று சுற்றுப்பக்கம் பாதிக்கு மேல் மக்காச்சோளமும் மரவள்ளியுமாகிவிட்டது. சங்கராபுரம் சந்தையில் வயல் நண்டைத் தேடித்தான் வாங்க வேண்டும். அந்தக் கீழ்வயலை இப்போது நானும் என் வீட்டுக்காரரும் குத்தகைக்கு உழுகிறோம். நண்டு இருக்கிறது.

நான் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது, நிலத்துக்காரருக்கு நெஞ்சுச்சளி என்று அத்தை நண்டு ரசம் வைத்துத் தூக்குவாளியில் எடுத்துப் போனாள். நானும் உடன் போனேன். அவர் குடித்து முடித்து வாயைத் துடைத்தபடி சாதாரணமாகக் கேட்டார்: "இந்த வருஷமும் குஞ்சு நண்ட வாய்க்கால்ல உட்டுட்டியாம்மா?"

"உட்டாச்சுங்க," என்றாள் அத்தை.

மோட்டார் கொட்டகையிலிருந்து பார்த்தால் வாய்க்கால் முழுக்கத் தெரியும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. மற்றது உறைக்க, சொந்தமாகப் பயிர் வைக்கும் வயது வரவேண்டியிருந்தது. மருந்து தூவியே தீரவேண்டும் என்றிருப்பவர் ஆளில்லாத நேரத்தில் வந்து தூவிவிட்டுப் போயிருக்கலாம். யாரும் கேட்டிருக்க முடியாது. அவரோ அத்தை வாய்க்காலில் இருக்கும் நேரம் பார்த்து வந்து, அவள் காதில் விழும்படி கத்தினார்.