பெற்றோரின் கனிவான கவனத்திற்கு

எனக்கு நல்ல குரல் என்று முதன்முதலில் சொன்னது யார் என்று நினைவில்லை. நானேதான் சொல்லியிருப்பேன் என்பது என் கணவரின் கருத்து. கல்லூரி முடித்த கையோடு வானொலி அறிவிப்பாளர் வேலைக்குக் குரல் தேர்வுக்குப் போனேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தவர், நான் ஒரு பத்தியைப் படித்து முடிப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்தி, "டைப்பிங் தெரியுமாம்மா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். "அப்ப கவலை இல்ல" என்றார். அந்தக் கவலையில்லாத வழியில் போய்த்தான் ஒரு மேல்நிலைப் பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக உட்கார்ந்தேன். இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

அரைவட்ட ஓட்டை போட்ட கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் என் மேசை. ஒரு பக்கம் இரும்பு அலமாரிகள். மறுபக்கம் நர்ஸ் அறையின் கதவு. அதை ஒட்டி ஒரு பெஞ்சு. காய்ச்சல், தலைச்சுற்றல், கணக்குப் பரீட்சை அன்று மட்டும் வரும் வயிற்று வலி என்று எந்தக் குறையோடு வரும் பிள்ளையும் அந்தப் பெஞ்சில்தான் உட்காரும். நர்ஸ் பார்த்துச் சொல்வதை வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்வது என் வேலை. யார் வரவில்லை, எப்போது பெற்றோர் கூட்டம், எந்த வகுப்பில் கண்வலி பரவுகிறது என்பதெல்லாம் என் வாய் வழியாகத்தான் வீடுகளுக்குப் போக வேண்டும். பாதிப் பெற்றோர் வேலையில் இருப்பார்கள்; எழுத்தில் அனுப்பினால் படிக்க மாட்டார்கள். காலையில் போனை எடுத்தால் மதியம்தான் வைப்பேன்.

பிறகு பள்ளிக்கு ஒரு மென்பொருள் வாங்கினார்கள். ஒரே பொத்தானில் எல்லா வீட்டுக்கும் போன் போகும். உள்ளே பதிந்து வைத்த குரல் பேசும். அதோடு வந்த இயந்திரக் குரலைத் தலைமையாசிரியை அறையில் போட்டுக் கேட்டோம். 'தங்கள் மகள்' என்பதை அது 'தங்கல் மகல்' என்றது.

"லகரமும் ளகரமும் தகராறு பண்ற மெஷின் நம்ம ஸ்கூல் பேர்ல பேசக் கூடாது" என்றார் தலைமையாசிரியை. "உங்களுக்குத்தான் ழகரமே நல்லா வருமே. நீங்க பேசிக் கொடுத்துடுங்க."

அன்று நான் வீட்டுக்கு நடந்து போனதாக நினைவில்லை. மிதந்து போயிருப்பேன். பதிவு முடியும் வரை வெந்நீரைத் தவிர எதையும் குடிக்கவில்லை. வீட்டில் கிசுகிசுப்பாகவே பேசினேன். என் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். நாள் முழுக்க மோட்டார் சத்தத்தில் இருந்துவிட்டு வருபவர்.

"என்ன ஆச்சு உனக்கு?" என்றார்.

"குரலைச் சேமிச்சு வைக்கிறேன்."

"அப்படியே சேமிச்சுக்கோ. வீடு நல்லா இருக்கு."

நூலகத்தை ஒட்டிய சாமான் அறையில், பழைய தேசப்படச் சுருள்களுக்கு நடுவே நின்று பதிவு செய்தேன். "வணக்கம். பெற்றோரின் கனிவான கவனத்திற்கு. தங்கள் மகன் அல்லது மகள் இன்று பள்ளிக்கு வரவில்லை. காரணத்தை உடனே தெரிவிக்கவும். நன்றி." முதல் முறை புன்னகையோடு பேசினேன். கேட்டுவிட்டுத் தலைமையாசிரியை, "லீவு போட்டதுக்கு வாழ்த்து சொல்ற மாதிரி இருக்கு, கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்றார். அடுத்த முறை குறைத்துக்கொண்டேன். அது இரங்கல் செய்தி போல வந்தது. அதுதான் பொருத்தம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு மாதத்துக்குள் எனக்குப் புகழ் வந்துவிட்டது. மருந்துக் கடையில் நின்று "தலைவலிக்கு ஒரு மாத்திரை கொடுங்க" என்றேன். முன்னால் நின்ற அம்மா திடுக்கிட்டுத் திரும்பி, "என் பையன் இன்னைக்கு ஸ்கூலுக்கு வந்தானே, நானே கொண்டுவந்து விட்டேனே" என்றார். பேருந்தில் டிக்கெட் கேட்டாலும் யாராவது ஒருவர் முகம் மாறும். மாணவர்கள் எனக்குக் 'கனிவு மிஸ்' என்று பெயர் வைத்தார்கள். நான் நடைபாதையில் வந்தால் பின்னாலிருந்து ஒரு குரல், "பெற்றோரின் கனிவான..." என்று அச்சு அசலாக என்னைப் போலவே இழுக்கும். மற்றவர்களாக இருந்தால் கூசிப் போயிருப்பார்கள். நானோ, றகரம் சரியாக வருகிறதா என்று நின்று கேட்டேன்.

புகழ் தலைக்கு ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு என்னையே உதாரணம் காட்டலாம். வராதவர்களைப் பற்றிச் சொல்வதோடு நான் நிறுத்தவில்லை. கண்வலி வந்தால் கைக்குட்டையைப் பகிராதீர்கள் என்று ஓர் அறிவிப்பு. கை கழுவும் முறை பற்றி ஒன்று. இரும்புச்சத்து பற்றி ஒன்று. பதின்ம வயதில் எத்தனை மணி நேரம் தூங்க வேண்டும் என்று ஒன்று. விளையாட்டு மைதானத்தில் இடது கால் ஷூ ஒன்று கிடக்கிறது என்பதையும் ஊர் முழுக்க அறிவித்தேன். வலது கால் ஷூவோடு வீட்டுக்குப் போனவனுக்குத் தெரியாதா என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு தகப்பனார் ஜன்னலில் வந்து நின்று, "மேடம், என் பொண்ணு நல்லாத்தான் தூங்குறா. என்னைத்தான் நீங்க தூங்க விட மாட்டேங்கிறீங்க. நான் ராத்திரி ஷிஃப்ட்" என்றார். தலைமையாசிரியையும் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார்.

"எங்களுக்குத் தெரியாமப் போச்சேன்னு நாளைக்கு யாரும் சொல்லிடக் கூடாது மேடம்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். பேச்சு முடிந்தது என்பதற்கு அவர் காட்டும் அடையாளம் அது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள், பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். நன்றாகப் படிக்கிற பெண். அன்று பரீட்சையும் இல்லை. காலையில் தொப்புளைச் சுற்றி இருந்த வலி இப்போது வலது பக்கம் கீழே இறங்கியிருக்கிறது என்றாள். நர்ஸ் அவளைப் படுக்க வைத்து, அந்த இடத்தை மெல்ல அழுத்திச் சட்டென்று கையை எடுத்தார். அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டாள். காய்ச்சலும் இருந்தது.

"இது மாத்திரையில போற வலி இல்ல" என்றார் நர்ஸ். "குடல்வாலா இருக்கும். நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். ஆபரேஷன்னா வீட்டுக்காரங்க கையெழுத்து கேப்பாங்க. நீங்க அப்பாவையோ அம்மாவையோ உடனே பிடிங்க."

ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே அந்தப் பெண் சொன்னாள்: "அம்மா மீன் பேக் பண்ற குளிர்சாதனக் கிடங்குல இருப்பாங்க. உள்ள போன் கொண்டு போக விட மாட்டாங்க. அப்பாவுக்குப் போடுங்க மிஸ். டைல்ஸ் ஒட்டுறாரு. இந்த வாரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி பல் டாக்டர் கிளினிக்ல வேலை."

அவளுடைய அப்பாவுக்குப் போன் போட்டேன். எடுத்தார். "வணக்கம்" என்றேன். வைத்துவிட்டார்.

சிக்னல் கோளாறு என்று நினைத்து மறுபடி போட்டேன். "வணக்கம், பள்ளியிலிருந்து..." வைத்துவிட்டார். வணக்கத்தை விட்டுவிட்டு, "ஏங்க, கட் பண்ணிடாதீங்க, நான்தான் பேசுறேன்" என்றேன். நான்தான் என்பதே அங்கே பிரச்சினை என்று அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை. என் சொந்தக் கைபேசியிலிருந்து போட்டேன்.

"இப்ப வேற நம்பர்ல இருந்தும் ஆரம்பிச்சிட்டாங்கப்பா" என்று அவர் பக்கத்தில் யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது. அடுத்த முறை போட்டபோது போனை அணைத்தே வைத்திருந்தார்.

கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். வாடகைக் கார் வருவதற்குள் காவலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "என்கிட்ட கொடுத்திருந்தா நான் பேசியிருப்பேனே மேடம். என் குரல் அவருக்குத் தெரியாதே" என்றார்.

அந்தக் கட்டடத்தில் எத்தனையோ பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் வாய் இருந்தது. என்னை விட்டால் பள்ளிக்குப் பேச ஆள் இல்லை என்று நான் எப்போது முடிவு கட்டினேன் என்று தெரியவில்லை.

கிளினிக்கில் பல் பிடுங்கும் நாற்காலியைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றி ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். தரை பாதி வெள்ளையாக, பாதி சிமெண்டாக இருந்தது. முழங்காலில் பஞ்சு கட்டிக்கொண்டு ஒருவர் குனிந்து, ஒரு டைலை ரப்பர் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். எனக்கு மூச்சு வாங்கியது. பதற்றத்தில், பழக்க தோஷத்தில், வாயில் வந்தது அதுதான்.

"வணக்கம்" என்றேன்.

அவர் நிமிரவே இல்லை. மணிக்கட்டால் சட்டைப் பையில் இருந்த கைபேசியை இடித்தார். அது அணைந்திருந்தது. மறுபடி இடித்தார். பிறகுதான் மெதுவாகத் திரும்பி, செருப்போடு ஈரச் சிமெண்டில் நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்தார்.

"நீங்க... ஆளா?" என்றார்.

"ஆள்தாங்க. உங்க பொண்ணுக்கு வயித்து வலி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. நர்ஸ் கூட இருக்காங்க. குடல்வால் மாதிரி இருக்குன்னு சொல்றாங்க, ஆபரேஷனுக்கு உங்க கையெழுத்து வேணும். கீழ கார் நிக்குது."

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். கையைக்கூடக் கழுவாமல் வந்து ஏறினார்.

காரில் அவர் விரல்களில் காய்ந்த சிமெண்டைச் சுரண்டிக்கொண்டே இருந்தார். மனைவிக்குப் போட்டுப் பார்ப்பதற்காகக் கைபேசியைத் திறந்தார். அது உயிர் பெற்றதும், அன்று வந்த அழைப்புகள் எல்லாம் ஒன்றன் கீழ் ஒன்றாகத் தெரிந்தன. எங்கள் பள்ளியின் எண்ணை அவர் எந்தப் பெயரில் சேமித்திருந்தார் என்பது எனக்கும் தெரிந்தது. 'எடுக்காதே' என்று இருந்தது.

நான் பார்த்துவிட்டதை அவரும் பார்த்துவிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். முதல்ல எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். கை முழுக்கக் கலவையோட, தோள்ல போனை இடுக்கிக்கிட்டுக் கேப்பேன். கை கழுவுங்க கை கழுவுங்கன்னு சொல்லுவீங்க. நாள் பூரா தண்ணியிலயே கிடக்கிறவன் நான்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "வேலை நடுவுல பேரைப் பார்க்காமலே எடுத்தேன். குரலைக் கேட்டதும், இன்னைக்கும் அதுதான்னு நினைச்சுட்டேன்" என்றார்.

அவருக்கு ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். எனக்குத் தெரிந்த ஆறுதல் எல்லாம் பதிவு செய்த வாக்கியம் போலவே தோன்றியது. மூடிக்கொண்டேன். அறிவிப்பாளர் வாழ்க்கையில் நான் எடுத்த முதல் நல்ல முடிவு அது.

ஆஸ்பத்திரியில் அவர் கையெழுத்துப் போட்டதும் பெண்ணை உள்ளே கொண்டுபோனார்கள். கிடங்குக்கு நீங்களே பேசிச் சொல்லுங்கள் என்று அவர் என்னைக் கேட்டுக்கொண்டார். மேற்பார்வையாளரின் எண்ணைப் பிடித்து, "ஒரு அவசர விஷயமா..." என்று ஆரம்பித்தேன்.

"என் பையன் என்ன பண்ணிட்டான்?" என்றார் மேற்பார்வையாளர்.

அவர் பையனும் எங்கள் பள்ளியாம். உங்கள் பையன் தங்கமான பையன், விஷயம் அவனைப் பற்றியது இல்லை என்று நம்ப வைத்து, அந்த அம்மாவை அனுப்பச் சொல்வதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. அந்த அம்மா தலையில் கட்டிய வலையோடும் ரப்பர் பூட்ஸோடும் ஓடி வந்தார். அதற்குள் மருத்துவர் வெளியே வந்து, நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள், இன்னும் விட்டிருந்தால் உள்ளேயே வெடித்திருக்கும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். புருஷனும் பெண்டாட்டியும் பெஞ்சில் உட்கார்ந்து ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். நான் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினேன். எதையும் சொல்லாமல் நான் ஓரிடத்தை விட்டுப் போனது அதுதான் முதல் முறை என்று பிறகு என் கணவர் கணித்தார்.

மறுநாள் தலைமையாசிரியையிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன், 'எடுக்காதே' உட்பட. அவர் சிரிக்கவில்லை. அதனால் எனக்கு இன்னும் கூச்சமாக இருந்தது. அடுத்த பெற்றோர் கூட்டத்தில், உங்களுக்கு என்ன தெரிய வேண்டும், எப்படித் தெரிய வேண்டும் என்று அவர்களையே கேட்டார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். வாரத்துக்கு ஒரு முறை சொன்னால் போதும் என்றார்கள். பிள்ளைக்கு உடம்புக்கு ஏதாவது என்றால் மட்டும், பதிவு செய்த குரல் வேண்டாம், ஓர் ஆள் பேச வேண்டும், எடுத்த எடுப்பில் பிள்ளையின் பெயரைச் சொல்ல வேண்டும் என்றார்கள். இராத்திரி ஷிஃப்ட்காரர் எழுந்து நின்று கைதட்டினார்.

என் குரலை மொத்தமாக எடுத்துவிடுங்கள் என்று நானே கேட்டேன். கொஞ்சம் மனம் வலிக்கத்தான் செய்தது. தலைமையாசிரியை மறுப்பார் என்று ஓர் ஓரத்தில் எதிர்பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "லீவு அறிவிப்புக்கு மட்டும் இருக்கட்டும்" என்றார். தண்ணீர்க் குழாய் உடைந்தால், மழை கொட்டினால், இன்று பள்ளி விடுமுறை என்று இப்போது நான்தான் சொல்கிறேன். இதைப் புன்னகையோடு பேசிப் பதிவு செய்தேன். யாரும் குறைக்கச் சொல்லவில்லை.

வாரம் ஒரு முறை போகும் வெள்ளிக்கிழமைச் செய்தியையும் நான்தான் எழுதுகிறேன். நர்ஸும் தலைமையாசிரியையும் படித்துப் பார்த்துப் பாதியை அடித்துவிடுகிறார்கள். அடித்த பாதியைத் தனியாக வைத்துக்கொண்டு, என்றைக்காவது பயன்படும் என்று என்னை நானே தேற்றிக்கொள்கிறேன்.

அந்தப் பெண் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய வாரத்தில் ஒரு நாள், அலுவலகப் போன் அடித்தது. கிடங்கில் வேலை செய்யும் அந்த அம்மாதான்.

"மிஸ், நீங்கதானே பேசுறது?"

"நான்தாம்மா."

"நல்லாத் தெரியுது" என்று சிரித்தார். பெண் நன்றாகச் சாப்பிடுகிறாள், ஆனால் இருமினால் தையல் இழுக்கிறது என்கிறாள், சிரிக்க வைத்துவிடுவான் என்று தம்பியை அறைக்குள்ளேயே விடுவதில்லை, பாடம் போய்விட்டதே என்று அழுகிறாள், அவள் அப்பாவுக்கு இன்னும் சரியாகத் தூக்கம் வருவதில்லை என்று சொல்லிக்கொண்டே போனார். அந்தப் போனிலிருந்து ஊருக்கெல்லாம் பேசியிருக்கிறேன். அதில் ஒருவர் இவ்வளவு நேரம் பேச, நான் கேட்டுக்கொண்டிருந்தது இல்லை. நடுவே "ம்" மட்டும் கொட்டினேன்.

"எங்க வீடு மூணாவது மாடி மிஸ். ஸ்கூலுக்கு வர ஆரம்பிச்சா தினமும் ஏறி இறங்கணும். அவ கிளாஸும் மாடியிலதான். எப்ப இருந்து படி ஏறலாம்?"

வாயில் ஒரு பதில் தயாராக வந்து நின்றது. சுத்தமான உச்சரிப்போடு, சரியா தவறா என்று எதுவும் தெரியாமல். அதை விழுங்கிவிட்டு, "அது எனக்குத் தெரியாதும்மா. லைன்லயே இருங்க, நர்ஸ்கிட்ட கேட்டுட்டு வந்துடுறேன்" என்று போனை மேசைமேல் வைத்துவிட்டுப் பக்கத்துக் கதவைத் தட்டினேன்.