சுவரில் சாய்ந்து நின்ற வாசல்நிலை

என் கணவர் அடுத்தவர் வீட்டுக்குள் நாற்காலியை எங்கே போடுவது என்று சொல்லிச் சம்பாதித்தவர். கோவில்பட்டியில் அவருடைய தொழிலை அப்படித்தான் புரிந்துகொண்டார்கள். பம்பாயில் படித்துவிட்டு வந்து, மெட்ராஸ் ஓட்டல்களுக்கும் மில் முதலாளிகளின் பங்களாக்களுக்கும் உள்ளலங்காரம் செய்தவர். பத்திரிகைக்காரர்கள் வீடு தேடி வந்து படமெடுத்துப் போன மனுஷன். பக்கத்து வீட்டம்மாளுக்கு மட்டும் அவர் கடைசிவரை "சேர் நகட்டுதவிய"தான். கல்யாணமான புதிதில் எனக்கும் அதற்கு மேல் விளங்கவில்லை.

அவர் இறந்த மறு வருஷம், எண்பதுகளின் நடுவில், அவர் சேர்த்து வைத்திருந்த சாமான்களை ஏலம் விட்டோம். நாங்கள் இருந்தது வாடகை வீடு. வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். நான் மெட்ராசில் மகனுடைய ஃபிளாட்டுக்குப் போவது என்று முடிவாயிற்று. பெல்ஜியம் கண்ணாடி, வெண்கல விளக்குகள், பிரம்பு நாற்காலிகள், இதையெல்லாம் அந்த ஃபிளாட்டில் எங்கேம்மா வைக்கிறது என்று மகன் கேட்டான். நியாயமான கேள்வி. தலையாட்டினேன். அந்த நாட்களில் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டினேன். மனசு மரத்துப்போய்க் கிடந்தது. அழுகையும் வரவில்லை, ஆத்திரமும் வரவில்லை.

ஒரே ஒரு சாமான் மட்டும் போகக் கூடாது என்று இருந்தது. அது ஒரு வாசல்நிலை.

எப்போதும்வென்றான் கிராமத்தில் நான் பிறந்த வீட்டின் தலைவாசலில் இருந்தது அது. எழுபதுகளில் மழை தொடர்ந்து ஏமாற்றியபோது என் அண்ணன் வீட்டைப் பிரித்து விற்றார். ஓடுகளை ஒருவர், உத்திரத்தை ஒருவர் என்று வாங்கிப் போக, தேக்கு நிலையை என் கணவர் வாங்கி வந்து முன்னறைச் சுவரில் சாய்த்து நிறுத்தினார். அதற்குப் பின்னால் வாசல் கிடையாது, வெள்ளைச் சுவர்தான். மர ரேகை தெரிய வேண்டுமாம். என் அம்மா வெள்ளிதோறும் பூசியிருந்த மஞ்சளையும் குங்குமத்தையும் சோடா உப்புப் போட்டு ஒரு பொட்டு விடாமல் தேய்த்துக் கழுவிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு வந்து, மஞ்சளைக் குழைத்து நிலைப்படியில் பூசிக் குங்குமம் வைத்தேன்.

"இது பாக்கதுக்கு வச்சிருக்கது, கும்பிடுததுக்கு இல்ல" என்றார்.

"நீங்க பாருங்க. நான் நடந்த படி, நான் பூசுதேன்" என்றேன்.

அவர் துடைப்பார், நான் பூசுவேன். படமெடுக்க ஆள் வருகிற அன்றைக்கு வீட்டில் சண்டை நிச்சயம். அப்புறம் ஒருநாள் துடைக்காமல் விட்டார். அதற்குப் பிறகு துடைக்கவே இல்லை. ஊருக்கெல்லாம் எது எங்கே இருக்க வேண்டும் என்று சொன்னவர் எனக்கு விட்டுக்கொடுத்தது அந்த ஒரு படியைத்தான். அவர் போன பிறகு, இனி நீ மஞ்சள் குங்குமத்தைத் தொடக் கூடாது என்றார்கள். குங்குமம் எனக்குத்தானே கிடையாது, படிக்கு என்ன வந்தது என்று கேட்டுவிட்டுப் பூசினேன்.

அந்த நிலையை முன்கூட்டியே அண்ணனிடம் கொடுத்திருக்கலாம். ஆனால் அவருக்கு ஒன்று கொடுத்தால் என் கொழுந்தன்மார் எல்லோரும் ஆளுக்கொன்று கேட்டு வந்து நிற்பார்கள். யாருக்கும் எதையும் எடுத்துக் கொடுப்பதில்லை என்று பேசி வைத்திருந்தோம். அண்ணன்தான் தைரியம் சொன்னார்.

"ஏட்டி, வாழ்ந்து கெட்ட வீட்டு நிலைய எவன் தன் வீட்டுல வைப்பான்? ஒருத்தனும் கேக்க மாட்டான். விலை போகாமக் கெடக்கும்லா, நான் ஏத்திட்டுப் போயி நம்ம கெணத்து மோட்டார் ரூமுக்கு வச்சிருதேன். நீ வரும்போதெல்லாம் பூசிக்கோ."

எங்கள் பக்கத்து ஜனங்களை நான் அறிவேன். அவர் சொன்னது சரிதான். அதை நம்பியிருந்தேன்.

ஏலத்தன்று காலையிலேயே இரவல் டிராக்டரோடு அண்ணன் வந்துவிட்டார். முற்றத்தில் பந்தல், வாடகை நாற்காலிகள், கலர் சோடா, எல்லாம் கல்யாண வீடு மாதிரி. ஊர்க்காரர்கள் பிரம்பு நாற்காலியில் ஏறி உட்கார்ந்து குதித்துப் பார்த்து வாங்கினார்கள். கண்ணாடியைத் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஒருவர் எடுத்தார். விளக்குகள் போயின. பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

நிலையைத் தூக்கி வந்து நிறுத்தினார்கள். ஊர்க்காரர் ஒருவரும் வாய் திறக்கவில்லை. முன்னால் நின்ற பெண் சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டு விலகினாள். அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்.

அப்போது மெட்ராசிலிருந்து வந்திருந்த பழம்பொருள் வியாபாரி ஒருவர் எழுந்து வந்தார். நிலைப்படியின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, நகத்தால் மஞ்சளை லேசாகச் சுரண்டினார். மஞ்சள், அடியில் சிவப்பு, அதற்கு அடியில் திரும்பவும் மஞ்சள். எழுந்து கையைத் தூக்கினார். அண்ணனும் தூக்கினார். விலை ஏற ஏற அண்ணனுடைய கை தயங்கியது, பிறகு இறங்கிவிட்டது. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்.

வியாபாரி என்னிடம் வந்தார். "லாரி வர்ற வரைக்கும் தண்ணி படாமப் பாத்துக்கங்கம்மா. யாராவது கழுவிடப் போறாங்க. தேக்கு எங்க வேணா கிடைக்கும். நான் இதை எடுத்ததே இந்த மஞ்சளுக்குத்தான். நூறு வருஷமா எத்தனை பொம்பளைங்க பூசினதோ!"

ஒருத்திதான் என்று வாய் வரை வந்தது. "சரி" என்றேன்.

என் கணவரை அன்றைக்கே துடைக்க விட்டிருந்தால் அது வெறும் மரமாக நின்றிருக்கும். அண்ணனோடு ஊருக்குப் போயிருக்கும். அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல், "வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெறும் டிராக்டரை ஓட்டிக்கொண்டு போனார்.

மகன் வீட்டில் முதல் வெள்ளிக்கிழமை, குளித்துவிட்டு வந்து பழக்கத்தில் மஞ்சளைக் குழைத்துவிட்டேன். கிண்ணத்தோடு வாசலுக்குப் போய்க் குனிந்தேன். ஃபிளாட்டுக் கதவுக்குக் கீழே படி என்று ஒன்று இல்லை. மொசைக் தரை வீட்டுக்குள்ளிருந்து வெளியே அப்படியே போய்க்கொண்டிருந்தது.

"என்ன தேடுதீங்க அத்தை?" என்றாள் மருமகள்.

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்க் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தேன்.