சௌதாக்கா கேட்ட மன்னிப்பு

சௌதாக்காவைக் கோபக்காரின்னு சொல்லுதவுக முதல்ல எங்கிட்ட வாங்க. எம்புட்டோ வருசமா எங்கூட ஸ்ரீவில்லிபுத்தூர்ல பஸ் ஏறி ராஜபாளையம் வந்து, பேண்டேஜ் துணிக் கம்பெனியில என் பக்கத்து மேசையில துணி மடிக்கா. அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டா. புருசன் போய்ச் சேர்ந்த பொறவு, மக ஹஃபீஸா படிப்புக்கும் வீட்டு அடுப்புக்கும் இந்த ஒரு வேலைதான்.

புது சூப்பர்வைசரா தனுஷ் வந்தான். மீசையே சரியா முளைக்கல. எங்ககூட வேலை பாக்குத முத்துராமலிங்கம் அண்ணனை "அண்ணாச்சி"ம்பான். அம்மா வயசு சௌதாக்காவை "ஏட்டி"ம்பான். எங்க அம்மா கூப்பிட்டா இனிக்கிற வார்த்தை, இவன் வாயில வந்தா எனக்குப் பத்திக்கிட்டு வரும். அக்கா தனியாப் போயி, "தம்பி, பேர் சொல்லிக் கூப்பிடுங்க"ன்னு பதமா சொல்லிப் பார்த்தா. சிரிச்சான் பய.

அன்னைக்கு சரக்கு வாங்குற பார்ட்டி வந்து நிக்காக. தனுஷ் கையத் தட்டி, "ஏட்டி சௌதா, இங்க வாட்டி!"ங்கான்.

அக்கா துணியை மேசையில டம்முன்னு போட்டா. "ஏலே தனுஷு! என்னலே வேணும்?"

ஹால் முழுக்கக் கேட்டுச்சு. வந்தவுக வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சாக.

மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டு விட்டாரு. "கம்பெனின்னா டீசண்டா நடந்துக்கணும். நாளைக்கு எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேளும்மா. இல்லைன்னா வேலைக்கு வராத." அவன் பேசின பேச்சைப் பத்தி மூச்சு விடல. ஆம்பளை கத்தினா அதிகாரம், பொம்பளை கத்தினா திமிரு. நல்லா இருக்குய்யா உங்க நியாயம்!

பஸ்ஸுல அக்கா அழுதா. "ஹஃபீஸா படிப்பு இன்னும் முடியலயேடி. கேட்டுத்தான் ஆகணும்"ன்னா.

மறுநாள் மெஷினை எல்லாம் நிப்பாட்டினாக. மேனேஜர் பக்கத்துல தனுஷ் நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு நிக்கான். அக்கா முக்காட்டைச் சரி பண்ணிட்டு அவனை நேராப் பார்த்தா.

"தனுஷ் சார், உங்களை ஏலேன்னு சொன்னது தப்பு. மன்னிச்சுக்கிடுங்க. இனிமே நீங்க எனக்கு எம்புட்டு மரியாதை தாரீகளோ, அம்புட்டையும் திருப்பித் தாரேன்."

அவனுக்குப் பழக்கதோசம். "சரிட்டி, போ"ன்னுட்டான்.

வேண்டாம்க்கான்னு அவ கையப் பிடிச்சேன். உதறிட்டா.

"சரிலே, போறேன்."

சொல்லிட்டு வாசலுக்குப் போகல. தன் மேசைக்குப் போயி துணியை எடுத்து மடிக்க ஆரம்பிச்சா. நான்தான் முதல்ல சிரிச்சேன். பொறவு ஹாலே சிரிச்சுது. மேனேஜர் அக்காவை ஒண்ணும் சொல்லல, "நீ உள்ள வா"ன்னு தனுஷைக் கூட்டிக்கிட்டுப் போனாரு.