கொப்பரைக் களத்தில் கொரியப் பாடம்

உடுமலைப்பேட்டை சாலையில் பேருந்து பஞ்சராகி நிற்கிறது. பக்கத்துக் கொப்பரைக் களத்து நிழலில் உட்கார்ந்து கொரிய மொழிப் புத்தகத்தைத் திறக்கிறேன். மகன் கட்டிக்கொண்ட கொரியப் பெண் நாளை முதன்முதலாக வீட்டுக்கு வருகிறாள்.

நாம் ‘பார்க்கப் பார்க்க’ என்பதை அவர்கள் ‘பொல்சுரோக்’ என்கிறார்கள். அதே மாதிரி சொந்தமாக ஒரு வாக்கியம் கேட்கிறது பாடம். எனக்கு எதுவும் தோன்றவில்லை.

எதிரே ஒரு பெண் முழுத் தேங்காய்களை ஒவ்வொன்றாகக் காதருகே குலுக்கித் தரம் பிரிக்கிறாள். என்ன கேட்கிறது என்று விசாரிக்கிறேன்.

“காயக் காய உள்ள பருப்பு கடகடன்னு உருளுமுங்கக்கா. காயலீன்னா தண்ணிதான் தளும்புமுங்க.”

வாக்கியம் கிடைத்துவிட்டது! காயக் காயச் சத்தம் கூடும் என்பதைக் கொரிய மொழியில் அவளிடமே திக்கித் திக்கிச் சொல்கிறேன்.

தேங்காயைக் கேட்டதுபோலவே தலைசாய்த்துக் கேட்கிறாள்.

“நீங்க இன்னுங் காயோணுமுங்கக்கா.”