சிவப்பு ரிப்பன்

சுனாமியில் போன கடையை அந்தமான் மாயாபந்தரில் நானே கல் சுமந்து மறுபடி கட்டினேன். படிப்பு மூணாம் வகுப்புதான்.

டிசம்பரில் மெயின்லேண்டிலிருந்து ஒருத்தன் வந்தான். பனிமலைகளில் தனியாக நடக்கிறவனாம். எங்கள் பேரில்லாத மலைக்கு ரெண்டு ஊன்றுகோல்! "அரே தம்பி, இதென்ன இமயமலையா?" என்றேன். சிரித்துவிட்டு ஏறினான்.

பிறகு மாடு தேடி அதே மலைக்குப் போனேன். வழியெல்லாம் மரங்களில் சிவப்பு ரிப்பன். குப்பை போடுகிறான் என்று அவிழ்த்துச் சட்டைப்பையில் திணித்தேன்.

அஞ்சு மணிக்கே இருட்டும் ஊரில் அவன் இறங்கவில்லை. ரிப்பன் திரும்பி வருவதற்கான அடையாளம் என்று அப்போதுதான் உறைத்தது. கத்திக்கொண்டே ஏறி, வற்றிய ஓடையோரம் வழி தெரியாமல் உட்கார்ந்திருந்தவனைக் கடைக்குக் கூட்டிவந்தேன். என் பையில் துருத்திய ரிப்பனைப் பார்த்தான். "தண்ணி இருக்கா அய்யா?" என்று மட்டும் கேட்டான்.

இப்போது பத்திரிகையில், தானே வழி தவறியதாக எழுதியிருக்கிறான். பெரிய மனசாம்! அவிழ்த்தவனும் நான், இறக்கியவனும் நான். ரெண்டையும் பத்திரிகையில் என் பேரில் போட்டாக வேண்டும்.